மூத்த நீர்

கும்பகோணத்திலிருந்து என் பெரியப்பா மகன் ஒரு கோடைகாலத்தில் டொராண்டோவுக்கு வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்கியிருந்தார். ஆயிரம் ஆண்டு என்பதை அடுத்த வீட்டுக்காரரைப் போலப் பாவித்துப் பழகியவர் அவர். நாலு தெருவுக்கு ஒரு சோழர் கோயிலையும், அதன் மதிலோரத்தில் கட்டிய மாட்டையும் கண்டு வளர்ந்தவர். ஏரிக்கரைக் கோபுரத்தையும் கண்ணாடி மாளிகைகளையும் நான் பெருமையோடு காட்டிக்கொண்டு போக, அவர் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம், "எல்லாம் சரிதான் தம்பி, இந்த ஊரிலே பழசு என்று சொல்லும்படியாக ஏதாவது உண்டா?" என்று கேட்டார். ஆங்கிலேயர் 1793-ஆம் ஆண்டில் யார்க் என்ற பெயரில் ஒரு குடியிருப்பை ஏற்படுத்தி, 1834-இல் அதை டொராண்டோ என்ற நகரமாக்கினார்கள் என்று நான் பதில் சொன்னேன். "எங்கள் வீட்டுக் கிணறு அதைவிட மூத்தது" என்றார் அண்ணா.

நான் சொன்ன பதில் அரைகுறையான பதில் என்பது பிற்பாடு யோசித்தபோதுதான் விளங்கியது. ஈழத்து நண்பர்கள் ரொறன்ரோ என்று எழுதும் இந்தப் பெயரே, தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள்படும் மோஹாக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வடக்கே சிம்கோ ஏரியின் குறுகிய வாயிலில், மீனைத் தடுத்துப் பிடிப்பதற்காக இந்நாட்டின் ஆதிகுடிகள் தண்ணீருக்குள் கழிகளை நட்டு அமைத்த பட்டிகளை அது குறிக்கிறது. அந்தப் பட்டிகளின் வயது 4,000 ஆண்டுகளுக்கும் மேல். ஆக, காகிதத்தில் எழுதிவைத்த சரித்திரத்தை மட்டும் எண்ணி ஓர் ஊரின் வயதைச் சொல்வது பிசகு. ஆனால் அண்ணாவின் கேள்விக்கு உரிய மெய்யான பதில் அதற்கும் கீழே, மண்ணுக்கும் கல்லுக்கும் உள்ளே கிடந்தது. அதிலும் விசித்திரம் என்னவென்றால், அந்தப் பதிலின் பெரும்பகுதி அதைத் தேடிப் போனவர்களுக்கு முன்னால், வேறு ஜோலியாகத் தோண்டிக்கொண்டிருந்தவர்களின் காலடியிலே அகப்பட்டு, வெறும் கழிவாகவும் சில சமயம் இடைஞ்சலாகவும் கருதப்பட்டு வந்தது என்பதுதான்.

முதல் துண்டு ஒரு செங்கல் சூளையில் இருக்கிறது. நகரத்தின் நடுவே ஓடும் டான் ஆற்றின் பள்ளத்தாக்கில், டெய்லர் என்ற குடும்பத்தார் 1889-இல் ஒரு செங்கல் தொழிற்சாலை தொடங்கினார்கள். அங்கே வெட்டிய களிமண்தான் கசா லோமா என்ற கோட்டை மாளிகையாகவும், மேசி ஹால் என்ற சங்கீத மண்டபமாகவும், இன்னும் இந்நகரத்தின் எண்ணிறந்த சிவப்பு வீடுகளாகவும் எழுந்து நிற்கிறது. வெட்ட வெட்ட வடபுறத்துச் சுவர் உயர்ந்துகொண்டே போயிற்று. அந்தச் சுவரில், அடுக்கிவைத்த பாய்களைப் போல, நிறம் நிறமான மண் படலங்கள் தெரிந்தன. டொராண்டோ சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியராக இருந்த ஆர்தர் கோல்மன் என்பவர், செங்கல்காரர்கள் மண்ணை மட்டும் பார்த்த அந்தச் சுவரிலே கண்ணை ஊன்றி, பனிப்பாறைகள் அரைத்துத் தள்ளிய மண்ணுக்கும் மறுபடி பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்கும் இடையே, இலையும் கட்டையும் நத்தை ஓடும் நிறைந்த ஒரு படலம் இருப்பதைக் கண்டார்.

சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் படலத்தில் பதிந்திருக்கும் மரங்களிலே, நம் சீதாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பாப்பா மரம் ஒன்று. இன்று தெற்கே அமெரிக்க ஐக்கிய நாட்டில் செழிக்கும் ஓசேஜ் ஆரஞ்சு மரம் மற்றொன்று. கரடியின் பருமனுள்ள ராட்சத பீவர் என்ற நீர்ப்பிராணியின் எலும்பும் அங்கே கிடைத்தது. அக்காலத்தில் இவ்வூர் இன்றைக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி வெப்பமாக இருந்திருக்கிறது என்று அவ்விலைகள் சொல்லுகின்றன. பனியுகம் என்பது ஒரே மூச்சாக நீடித்த ஒரு குளிர்காலம் அன்று, பனி வந்தது, போயிற்று, திரும்பவும் வந்தது என்ற உண்மையை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய இடங்களில், லாரிக்கு மண் அள்ளிய இந்தச் சூளைப்பள்ளம் முக்கியமானது. சூளை மூடப்பட்டு, இப்போது அது மக்கள் உலாவும் பூங்காவாகிவிட்டது. ஜனவரி மாதத்தில் மூக்கு நுனி மரத்துப்போய் அந்தச் சுவரின் முன் நின்றுகொண்டு சீதாப்பழத்தின் உறவினரை நினைப்பது ஓர் அலாதி அனுபவம். அதே பள்ளத்தின் அடியில் சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடற்சேறு கல்லாகிக் கிடக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்த அத்தியாயம் வேறு திசையில் போய்விடும்.

இரண்டாம் துண்டு ராயல் ஒண்டாரியோ மியூசியத்தின் இழுப்பறைகளில் இருந்தது. கனடாவின் மேற்கே, ராக்கி மலையில், பர்ஜஸ் ஷேல் என்னும் கரும்பலகைக் கற்பாறை இருக்கிறது. 1909-இல் சார்ல்ஸ் வால்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்த நாள்முதல், எலும்போ ஓடோ இல்லாத மென்மையான பிராணிகளின் உடல்கூட அச்செடுத்தாற்போலப் பதிந்திருக்கும் அதிசய ஸ்தலமாக அது புகழ்பெற்றது. டொராண்டோ மியூசியத்தார் 1975 முதல் அங்கே ஆண்டுதோறும் போல ஆட்களை அனுப்பிப் பலகை பலகையாகச் சேகரித்து வருகிறார்கள். மலையில் கூடாரமடித்துக் கல்லை உடைக்கும் அந்த ஆட்கள், அடிக்கடி கண்ணில் பட்ட ஒரு சிறு பிராணிக்குக் கடல் அந்துப்பூச்சி என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துவிட்டு, பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1990 தொடங்கி 2022 வரை இப்படி 60 பிரதிகள் சேர்ந்துவிட்டன. வால்காட் எடுத்துவைத்த பழைய பிரதி ஒன்றையும் கூட்டினால் 61.

ஜோ மொய்சியுக், ஜான் பெர்னார்டு காரோன் என்ற இருவர் அவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2025 மே மாதத்தில் அந்தப் பிராணிக்கு முறையான பெயர் சூட்டினார்கள். மோசுரா என்பது பெயர். ஜப்பானிய சினிமாவில் வரும் ராட்சத அந்துப்பூச்சியின் பெயரை, ஆள்காட்டி விரல் நீளங்கூடத் தாண்டாத ஒரு ஜந்துவுக்கு வைத்த குறும்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. 50 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய இந்த மோசுராவுக்கு மூன்று கண்கள். இரையைப் பற்ற முள் நிறைந்த கைகள். பற்கள் வட்டமாக அமைந்த வாய். நீந்துவதற்கு இருபுறமும் துடுப்புகள். இவற்றையெல்லாம்விட அதன் பின்பாகம்தான் விஞ்ஞானிகளை வியக்க வைத்தது: நெருக்கமாக அமைந்த 16 கண்டங்களிலும் செவுள்கள். ஏறக்குறைய பின்புறத்தாலேயே மூச்சுவிட்ட பிராணி அது என்று சொல்லிவிடலாம். கல்லில் பளபளப்பாகத் தெரிந்த திட்டுக்கள், அதன் உடலுக்குள் இரத்தம் குழாய்களில் அடைபடாமல் குழிகளில் தேங்கி ஓடியதைக் காட்டின. இன்றைக்கு நம் சமையலறையில் ஓடும் கரப்பான்பூச்சிக்கும் இரத்த ஓட்டம் அதே தினுசுதான். இத்தனையும் முப்பது வருஷகாலம் இழுப்பறைக்குள் இருந்தபடியே இருந்தது. மியூசியத்தில் என்ன வேலை இருக்கிறது, தூசி தட்டுவதுதானே என்று கேட்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

ஆனால் அண்ணாவிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது மூன்றாவது சங்கதியை. கிணறு என்று அவர் சொன்ன வார்த்தைதான் அதை நினைவூட்டியது.

டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில், பிர்ச் மரங்களும் ஊசியிலைக் காடும் மண்டிய பிரதேசத்தில், டிம்மின்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே 1960-களில் தொடங்கிய கிட் கிரீக் சுரங்கத்தில் செம்பும் துத்தநாகமும் எடுக்கிறார்கள். 270 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இடம் கடலடியாக இருந்தது. எரிமலையின் சூட்டிலே கொதித்துக் கடல்தரையின் வெடிப்புகள் வழியே பீறிட்ட வெந்நீர், தான் கரைத்துக்கொண்டு வந்த உலோகங்களை அங்கே படியவிட்டது. அந்தப் படிவைத்தான் மனிதர்கள் தொடர்ந்து கீழே கீழே துரத்திக்கொண்டு போய், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆழத்தை எட்டிவிட்டார்கள். இவ்வளவு ஆழத்தில் துளைபோடும்போது பாறையின் வெடிப்புகளிலிருந்து உப்பு நீர் கசிவதும், அதோடு குமிழியிட்டு வாயு வெளிப்படுவதும் சுரங்கத் தொழிலாளருக்குப் பழகிப்போன சங்கதி. தீப்பற்றக்கூடிய வாயு என்பதால் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மற்றபடி, யந்திரத்தை அரிக்கும் சனியன் பிடித்த நீர் என்பதைத் தவிர அதற்கு வேறு மதிப்பில்லை.

டொராண்டோ சர்வகலாசாலைப் பேராசிரியை பார்பரா ஷெர்வுட் லாலர் அந்த நீருக்காகவே சுரங்கத்துக்குள் இறங்கியவர். இந்த நீர் எங்கிருந்து கசிகிறது என்பதை மோப்பத்தைக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்கிறார் அவர். பூசணம் பிடித்தாற்போன்ற ஒரு வாடை வழிகாட்டுமாம். 2.4 கிலோமீட்டர் ஆழத்தில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் பிடித்துவந்த நீரின் வயது சுமார் 150 கோடி ஆண்டு என்று 2013 மே மாதத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று. பிறகு சுரங்கம் இன்னும் ஆழமாயிற்று. விஞ்ஞானிகளும் கூடவே இறங்கினார்கள். 2016 டிசம்பரில், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் எடுத்த நீரின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று அறிவித்தார்கள்.

இங்கே வாசகர் ஒருவர் எழுந்து, தண்ணீருக்கு ஏது வயது, உலகத்துத் தண்ணீரெல்லாமே ஒரே பழமையல்லவா, நேற்றுப் பெய்த மழையும் கோடானுகோடி ஆண்டுகளாகக் கடலுக்கும் வானுக்கும் அலைந்துகொண்டிருக்கும் பழைய நீர்தானே என்று கேட்பாரானால், அவர் கேட்பது முற்றிலும் நியாயம். இங்கே வயது என்று சொல்வது, அந்த நீர் கடைசியாகக் காற்றின் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைத்தான். பாறைக்குள் அகப்பட்டு, வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கல் அற்றுப்போன நாளே அதன் பிறந்தநாள்.

அந்த நாளைக் கணக்கிடும் முறை மிக நுட்பமானது. எல்லாப் பாறைகளிலும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் கொஞ்சமாவது இருக்கும். யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியம் பிறக்கிறது. பொட்டாசியம் சிதைந்தால் ஆர்கான். யுரேனியம் தானாகப் பிளந்தால் ஒருவகை செனான். இவ்வாயுக்கள் யாரோடும் கூடிவாழாத சந்நியாசிகள். எந்தப் பொருளோடும் சேர்ந்து வேறொன்றாக மாறாமல், அருகிலுள்ள நீரிலே கரைந்து அப்படியே தங்கிவிடும். சிதைவின் வேகம் தெரியும். பாறையில் எவ்வளவு யுரேனியம் உண்டென்பதையும் அளந்துவிடலாம். ஆகவே நீரில் சேர்ந்திருக்கும் வாயுவை எண்ணினால், நாழிகைவட்டிலில் சேர்ந்த நீரைப் பார்த்து நேரம் சொல்வதைப் போல, அது எத்தனை காலம் அடைபட்டுக் கிடந்ததென்று சொல்லிவிடலாம். வட்டிலில் ஓட்டை இருந்து வாயு கொஞ்சம் கசிந்துபோயிருந்தால், கணக்கு வயதைக் குறைத்துக் காட்டுமே தவிரக் கூட்டிக் காட்டாது. இதற்கு மேல் இன்னொரு சாட்சியும் அகப்பட்டது. பூமியின் ஆதி வாயுமண்டலத்தில் செனானின் பலவகை அணுக்கள் இருந்த விகிதம் வேறு, இன்றைய காற்றில் உள்ள விகிதம் வேறு. கிட் கிரீக் நீரில் கரைந்திருந்த செனானில் இன்றைய காற்றோடு ஒத்துவராத அந்தப் பழைய சாயல் இருந்தது. மனிதரும் மரமும் இல்லாத, பிராணவாயு அநேகமாக இல்லாத ஒரு காலத்துக் காற்றின் மிச்சம் அந்த நீருக்குள் சிறைப்பட்டிருந்தது என்று அதற்கு அர்த்தம்.

அந்த நீர் பார்வைக்கு எப்படி இருக்கும்? வெடிப்பிலிருந்து வரும்போது தெளிவாகத்தான் வருகிறது. சாதாரண நீரைவிடக் கொஞ்சம் கெட்டியாக, நீர்த்த பாகைப் போல ஓடும். வெளிக்காற்று பட்டதும் அதிலுள்ள இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து துருவாக மாற, நீர் ஆரஞ்சு நிறம் கொண்டுவிடுகிறது. 150 கோடி ஆண்டு பாராத காற்றைப் பார்த்த மாத்திரத்தில் முகம் சிவந்துபோகிறது என்று கவிராயர்கள் வர்ணித்துக்கொள்ளலாம். சொட்டுச் சொட்டாக அல்ல, முதலில் கண்ட இடத்தில் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் அது பாய்ந்தது. ஷெர்வுட் லாலர் அதைத் தொட்டு நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறார். பரிசோதனைச்சாலையில் யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்று மாணாக்கர்களுக்குப் போதிக்கும் பேராசிரியை இதைச் செய்ததாக ஒப்புக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது; பூகர்ப்ப சாஸ்திரிகளின் குலவழக்கம் அது, கல்லையே நக்கிப் பார்ப்பார்கள். தாங்கமுடியாத உப்பு, கசப்பு என்பது அவர் தீர்ப்பு. கடல்நீரைவிடப் பத்து மடங்கு வரை உப்பு ஏறிய நீர்கள் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. உப்பு மிகுந்தால் அநேகமாகப் பழமையும் மிகுதி என்பதால், அவர் நாக்கினால் வயது பார்த்தார் என்று சொன்னால் அது முழுக்க வேடிக்கைப் பேச்சு ஆகாது.

வயதைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. சூரியன் எட்டாத அந்த இருட்டிலே, பாறையின் கதிரியக்கம் நீரைத் தாக்கும்போது நீர் உடைந்து ஹைட்ரஜன் பிரிகிறது. உடைந்த மற்றப் பாகங்கள், பொய்ப்பொன் என்று ஏமாந்தவர்களால் அழைக்கப்படும் இரும்புக் கந்தகக் கல்லை அரித்து, சல்பேட்டு என்ற உப்பை உண்டாக்குகின்றன. ஹைட்ரஜனும் சல்பேட்டும் சேர்ந்தால் சில கிருமிகளுக்கு அதுவே இலை போட்டுப் பரிமாறிய சாப்பாடு. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், இந்த ஆகாரத்தையே உண்டு, வேறு துணை எதுவுமின்றித் தன்னந்தனியாக ஒரேயொரு வகைக் கிருமி குடித்தனம் நடத்துவதை 2008-இல் கண்டுபிடித்தார்கள். கிட் கிரீக்கின் ஆழத்திலும் எண்ணிக்கையில் மிகக் குறைவாக அத்தகைய கிருமிகள் வாழ்வதை ஷெர்வுட் லாலரின் குழுவினர் 2019-இல் தெரிவித்தார்கள். பூமியின்மேல் வாழும் நாமெல்லாம் கடைசியில் சூரியனிடம் பிச்சை வாங்குகிறவர்கள். அவையோ சூரியன் என்ற ஒன்று உண்டென்பதே தெரியாத ஜீவன்கள். செவ்வாய்க் கிரகத்தில் உயிர் இருக்கக்கூடுமானால் அது மேல்தரையில் அன்று, இப்படிப்பட்ட ஆழத்திலேதான் இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் யோசிப்பதற்கு இதுவே காரணம். அங்கேயும் இதே பழமையான பாறை உண்டு, பாறைக்குள் கதிரியக்கமும் உண்டு. 2022-இல் தென்னாப்பிரிக்காவின் மோவப் கோட்சோங் சுரங்கத்திலும் 120 கோடி ஆண்டு வயதுள்ள நீர் அகப்பட்டுவிட்டபடியால், கிட் கிரீக் ஓர் அபூர்வ விபத்து என்று இனித் தள்ளிவிட முடியாது.

சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது அண்ணா இடைமறித்து, தம் மாமனார் வழியில் இரண்டு பேர் கோலார் தங்கவயலில் வேலை செய்ததைச் சொன்னார். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர் போய் உயிரைப் பணயம் வைத்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தோண்டிய சுரங்கம் அது. அதன் பாறைக்கும் வயது ஏறக்குறைய 270 கோடிதான். கிட் கிரீக் பாறைக்கு ஒத்த வயதுத் தோழன். வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளை, டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் 1965-இல் அந்தக் கோலாரின் ஆழத்திலேதான் கண்டறிந்தார்கள். ஆகாயத்தைப் பார்க்கப் பாதாளத்துக்குப் போகவேண்டியிருந்தது. மற்றக் கதிர்களையெல்லாம் மேலே உள்ள பாறை வடிகட்டிவிடும் என்பதுதான் சூட்சுமம். தொழிலாளர் தங்கத்துக்காக வெட்டிய குழி, தங்கம் தீர்ந்து 2001-இல் மூடப்படுவதற்கு முன் அப்படியொரு காரியத்துக்கும் உதவிற்று. அந்த ஆழத்துக் கசிவுநீரை நாக்கில் தொட்டுப் பார்த்த தமிழ்த் தொழிலாளி எத்தனை பேரோ என்ற எண்ணம் எனக்கு வந்ததை மறைப்பதற்கில்லை.

கிட் கிரீக் நீரில் கொஞ்சத்தை ஒட்டாவா நகரத்து விஞ்ஞான மியூசியத்தார் 2020-இல் வாங்கித் தங்கள் சேகரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். யந்திரங்களையும் விமானங்களையும் காத்துவரும் ஒரு நிலையம் தண்ணீரைப் பொக்கிஷமாக ஏற்றுக்கொள்வது அடிக்கடி நடக்கும் காரியமல்ல. இதையும் அண்ணாவிடம் சொல்லி, "உங்கள் கிணறு இதற்குக் கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரனாகக்கூட ஆகாது, அண்ணா" என்று என் பங்குக்குக் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். சோழர்களை விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபமாக இல்லை என்பது தெரிந்தது.

"அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று கடைசியில் கேட்டார்.

குடிக்க முடியாது, உப்பும் கசப்பும் என்றேன்.

"அப்படியானால் எங்கள் கிணறே மேல்" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து ஒரு தம்ளர் ஏரித் தண்ணீரைப் பிடித்து அண்ணாந்து குடித்தார்.